டோரோ: மலையில் விளைந்தது, துறைமுகத்தில் சுவைத்தது

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், திராட்சைப் பண்ணை மாளிகையில் தங்கி ஒயினை மிடறு மிடறாகச் சுவைக்கும் சொகுசுப் பயணத்தைப் பல நூற்றாண்டு மரபு என்றே விற்கிறார்கள். கொடிக்கு அந்தப் பழமை உண்டு, விருந்தோம்பலுக்கு இல்லை. 1756இல் அமைச்சர் பொம்பால் இப்பகுதிக்கு எல்லை வகுத்து, போர்ட் ஒயினின் தரத்தையும் விலையையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். ஆனால் மலையில் பிழிந்த ஒயினில் பெரும்பகுதி அங்கே முதிரவில்லை. பீப்பாய்களில் அடைத்து, ரபேலோ என்னும் தட்டையடிப் படகுகளில் ஏற்றி, பாறைகளுக்கும் சுழல்களுக்கும் தப்பி, ஆற்று முகத்திலுள்ள விலா நோவா டி கையாவுக்கு அனுப்பினார்கள். சுவை பார்த்ததும் கலந்ததும் பெயர் ஒட்டியதும் அங்கிருந்த வணிகர்களே. அவர்களில் ஆங்கிலேயர் பலர். ஏற்றுமதி கையா வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று 1926இல் சட்டமே வந்தது. 1986இல் அது தளர்ந்த பிறகே சிறு பண்ணைகள் தம் பெயரில் நேரடியாக ஏற்றுமதி செய்ய முடிந்தது. வாங்குபவரை மலைக்கு அழைக்க வேண்டிய தேவை அப்போதுதான் பிறந்தது.

முன்பும் பண்ணை வீடுகளில் விருந்தினர் தங்கினார்களே என்று கேட்கலாம். தங்கினார்கள், வணிகரின் நண்பர்களாக, காசு கொடுக்காமல். இந்தச் சுற்றுலாவுக்கு 2001இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம்தான் காரணம் என்பது இன்னும் வலுவான வாதம். அது கூட்டத்தைப் பெருக்கியது உண்மை, ஆனால் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அந்த அங்கீகாரம் போற்றுவதும் மாளிகைகளை அல்ல, கூலியாட்கள் பாறையை உடைத்து அடுக்கிய படிக்கட்டு வயல்களை. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்செரா பூச்சி கொடிகளை அழித்தபின் கைவிடப்பட்ட வயல்களும் அவற்றில் உண்டு. விளம்பரப் படங்கள் அவற்றைச் சொல்வது அபூர்வம்.