எந்த ஊர் என்று கேட்டால்...



தேர்தல் ஆய்வாளர் ஒருவர் வினாக்கொத்தோடு பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய அம்மாவிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்கிறார். பதுளை என்ற விடையை அவர் எதிர்பார்க்கிறார். அம்மாவோ பாட்டன் சொல்லிவைத்த திருச்சிக் கிராமத்தின் பெயரைச் சொல்கிறார். அல்லது பேசாமல் நிற்கிறார். கேள்வி எளிமையானதுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு.

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தமிழருக்கோ அது நிபந்தனையோடு வந்தது. இலங்கையே நிரந்தர வதிவிடம் என்று காட்ட முடியாதவர், எழுத்தறிவும் சொத்தும் காட்ட வேண்டும். இல்லையேல் ஐந்து வருட வாசத்தைச் சொல்லிச் சான்றிதழ் பெற வேண்டும்.

அப்படியிருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டமோ, மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. ஊருக்கு எப்போது போனாய், எத்தனை மாதம் தங்கினாய் என்ற விபரமே ஒரு குடும்பத்தின் தலைவிதியாயிற்று. எட்டு இலட்சம் பேருக்கான விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1952இல் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. எஞ்சிய நாடற்றோருக்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

ஆகவேதான் இங்கு வினாக்களை முதலில் சிலரிடம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. விடையைக் குறித்துக்கொண்டால் மட்டும் போதாது, "நான் எதைக் கேட்டேன் என்று நினைத்தீர்கள்?" என்றும் விசாரிக்க வேண்டும். 'ஊர்' வேண்டாமென்று, "எத்தனை வருடமாக இங்கிருக்கிறீர்கள்?" என மாற்றினாலும் அது பழைய விசாரணையாகவே ஒலிக்கும். "இப்போது எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில் குடியிருக்கிறீர்கள்?" என்பது அச்சம் தராது.

"எந்தக் கட்சி?" என்பதிலும் சிக்கல் உண்டு. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொழிற்சங்கமும் கட்சியுமாகும். சம்பளத்தில் சந்தா பிடிபடும் சங்கத்தைச் சொல்பவர், வாக்கை வேறொருவருக்கு அளித்திருக்கலாம். அதையும் தலைவர் அருகில் நிற்கும்போது சொல்வாரா? இந்தியாவின் லோக்நீதி ஆய்வாளர்கள் மாதிரி வாக்குச் சீட்டும் பெட்டியும் கொண்டுபோவது இதற்காகத்தான். கொழும்பில் 1999இல் தொடங்கிய சோஷல் இண்டிகேட்டர் என்ற ஆய்வுப் பிரிவு, மலையகத் தமிழரின் கருத்தைத் தனியாகவே கணக்கிட்டது.

தனியாக எண்ணுவது நல்லதே. ஆனால் எண்ணப்படுகிறவர் அஞ்சிச் சொன்ன விடையை அபிப்பிராயம் என்று எழுதிவிட்டால், ஊவாவின் மலைகளில் அந்தப் பழைய விசாரணையே இன்னொரு தாளில் தொடர்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.