தனித்த கணினியும் திறந்த வாயிலும்

ஓரிடத்தைத் தனிமைப்படுத்திவிட்டால் அங்கு வேண்டாத பொருள் எதுவும் நுழையாது என்னும் நம்பிக்கை எத்துணை தளர்வானது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் சாதாரண மின்கலங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. ஆயினும் பயணிகளின் பைகளுக்குள் அவை வந்து சேர்ந்தன. மின்நிலையங்களையும் ஆலைகளையும் இயக்கும் கணினிகளின் வரலாறும் இத்தகையதே.

இக்கணினிகளை இணையத்துடன் தொடுக்காது தனித்து வைத்தல் நெடுநாள் வழக்கம். எனினும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் பதிவுகளை எடுத்துச்செல்லவும் ஏதேனுமொரு வழி வேண்டும். அவ்வழியாக அமைந்தது யூ.எஸ்.பி. வாயில். பென்ட்ரைவ் மூலம் பரவிய நச்சுநிரலொன்றினால் 2008 இல் அமெரிக்க இராணுவம் அக்கருவிகளுக்கே தடைவிதிக்க நேர்ந்தது. செருகியவுடன் தானாக இயங்கும் வசதியை நிறுத்திவிட்டாற் போதும் என அப்போது பலர் கருதினர்.

2010 ஜூன் மாதத்தில் பெலருஸ் நாட்டு நிறுவனமொன்று கண்டறிந்த 'ஸ்டக்ஸ்நெற்' அக்கருத்தைப் பொய்ப்பித்தது. பென்ட்ரைவில் உள்ள கோப்புகளின் குறிப்படங்கள் திரையில் தோன்றிய மாத்திரத்திலேயே, வின்டோஸின் குறையொன்றைப் பற்றிக்கொண்டு அது கணினியுட் புகுந்தது. சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிச்சென்று சுழலிகளின் வேகத்தை மாற்றியது. இயக்குநர் கண்ட திரையிலோ யாவும் செவ்வனே நடைபெறுவதாகவே தோன்றின. ஈரானின் நதான்ஸ் நிலையம் இணையத்திலிருந்து விலகியே இருந்தது. ஒப்பந்தக்காரரின் கருவிகள் வழியாக அது உள்ளே சென்றிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. ஈரானுக்கு அடுத்தபடியாக இந்தோனேசியாவிலும் இந்தியாவிலுமே அது மிகுதியாகப் பரவியிருந்தது.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019 இல் நிகழ்ந்தது ஈண்டு நோக்கற்பாலது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தியங்குபவையாதலால் அவற்றின்மீது இணையத் தாக்குதல் இயலாது என ஒக்டோபர் 29 ஆம் திகதி நிலையம் அறிவித்தது. நிருவாகத் தேவைக்கான கணினியொன்றில் நச்சுநிரல் காணப்பட்டது உண்மையே என மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டெம்பர் 4 ஆம் திகதியே அதுபற்றித் தகவல் கிடைத்திருந்தது. உலையின் கட்டுப்பாடு தீண்டப்படவில்லை என்ற விளக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆனால், நதான்ஸின் பின்னரும் 'தனித்தியங்குவது, ஆதலால் இயலாது' என்னும் தருக்கம் எவ்வாறு நிலைபெற்றது என்பதே வினா.

வாயில்களைப் பூட்டுக்கருவியால் அடைத்தல், பதிவுசெய்த கருவிகளை மட்டும் ஏற்குமாறு அமைத்தல், வெளியிலிருந்து வருவதைத் தனிக்கணினியில் முதலிற் சோதித்தல் ஆகியன இன்று கையாளப்படுகின்றன. எனினும் விசைப்பலகையும் அதே வாயிலின் வழியேதான் இணைகின்றது. பென்ட்ரைவொன்றை விசைப்பலகையாக நடிக்கச்செய்து கட்டளைகளைத் தட்டச்சிட வைக்கலாம் என 2014 இல் ஜேர்மனிய ஆய்வாளர் நிறுவிக்காட்டினர். ஆகவே சில ஆலைகள் கணினிப் பெட்டியையே அலுமாரியிற் பூட்டி, விசைப்பலகையின் வடத்தை மட்டும் வெளியே விடுகின்றன. திருத்தவேலைக்கு வரும் பொறியியலாளருக்காக அவ்வலுமாரியும் திறக்கப்படுகின்றது. அவருடைய மடிக்கணினி அதற்கு முன்னர் எங்கெங்கு செருகப்பட்டிருந்தது என்பதை எந்தப் பூட்டும் அறியாது.