கொட்டுமேளமும் போலீஸ் வண்டியும்

1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளம் முகாமில் சுமார் 63 ஆயிரம் ஆண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷன் செய்துகொண்டார்கள். 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் விடியுமுன் வளைத்து, நூற்றுக்கணக்கான ஆண்களை ஏற்றிச் சென்றது. பலருக்குக் கட்டாய ஆபரேஷன். முன்னது சாதனை, பின்னது அநியாயம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எர்ணாகுளத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கினார் கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார். ஆண்கள் கொட்டுமேளத்தோடு ஊர்வலமாக நகர மண்டபத்துக்கு வந்தார்கள். உட்டாவரிலும் ஆண்கள் கூட்டமாகத்தான் போனார்கள், போலீஸ் வண்டியில். ‘ஆண்மை போய்விடும், பாரம் தூக்க முடியாது’ என்ற பயம் ஆண்கள் எல்லோருக்கும் பொதுவானது. தனியே போனவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஊரோடு போனால் சிரிக்க ஆளில்லை. எர்ணாகுளத்தில் பயத்தைக் கரைத்த அதே கூட்டம், வடக்கே வதந்தியைச் சுமந்து பயத்தை வளர்த்தது.

இங்கே பரிசு, அங்கே தண்டனை என்று பிரிப்பதும் அத்தனை சுலபமல்ல. உட்டாவர் நடந்த நெருக்கடி நிலைக் காலத்தில், ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துத் தராத ஆசிரியருக்குச் சம்பளம் நின்றது. டெல்லியில் மனை வேண்டியவன் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. எர்ணாகுளத்தில் கிடைத்ததோ பணமும் பொருளுமாகச் சுமார் நூறு ரூபாய், ஒரு கூலியாளின் பல வாரச் சம்பாத்தியம். ஆனால் மாதத்தைக் கவனியுங்கள். ஜூலை நடுவில் கர்க்கடக மாதம் பிறக்கும். மழையில் வேலை நின்றுபோகும் அந்த மாதத்தை மலையாளிகள் பஞ்ச மாதம் என்பார்கள். பசித்தவன் முன் நீட்டிய நூறு ரூபாயைச் சம்மதக் கணக்கில் முழுதாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவன் திரும்பிப் போயிருக்கலாம்; உட்டாவர்காரனால் முடியாது. வேறுபாடு அங்கேதான்.

1976-77இல் நாடெங்கும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு நடந்த ஆபரேஷன், மறுவருடம் இரண்டு லட்சத்துக்கும் கீழே சரிந்தது. இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, மேளத்தோடு ஆண்கள் திரண்ட கேரளத்தின் கதை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஆண் கு.க. 0.3 சதவீதம், பெண் கு.க. 37.9. கேரளத்திலும் ஆண் பங்கு ஒரு சதவீதத்தை எட்டவில்லை. பந்தலைப் பிரித்த பிறகு அங்கேயும் ஒருவன் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.