உள்ளூராட்சி வாக்குரிமையும் சபரகமுவத் தோட்டத் தொழிலாளரும்

உள்ளூராட்சித் தேர்தல் முறையொன்றை மதிப்பிடுவோர் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். வாக்களிக்கும் உரிமை யாருக்கு உரியது? அளிக்கப்பட்ட வாக்கு எவ்வாறு ஆசனமாகின்றது? இவ்வினாக்களுக்கு ஒல்லாந்து கண்ட விடையை அளவுகோலாகக் கொண்டு, இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தொழிலாளரின் நிலையை இங்கு நோக்குவோம்.

ஒல்லாந்தில் உள்ளூராட்சிச் சபைக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நிகழ்கின்றது. சபையின் பரப்பு முழுவதும் ஒரே தொகுதி, வட்டாரங்கள் இல்லை. மொத்த வாக்குகளை ஆசனங்களின் தொகையால் வகுத்துப் பெறும் ஈவே ஆசனப் பங்கீட்டுக்கு அடிப்படையாகும். இதனால் பல இடங்களிற் சிதறி வாழ்வோரின் வாக்குகளும் ஒன்றுசேர்ந்து பயன்தருகின்றன. பட்டியலின் கீழ்ப்பகுதியில் உள்ள வேட்பாளரும் போதிய தனிவாக்குப் பெற்றால் முன்னேறித் தெரிவாகலாம். 1983இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பு, வேற்றுநாட்டவர் இத்தேர்தலில் வாக்களிக்க வழிதிறந்தது. ஐந்தாண்டுகள் சட்டப்படி வதிந்தோர் 1986 மார்ச்சில் முதன்முறையாக வாக்களித்தனர். துருக்கியிலிருந்தும் மொறோக்கோவிலிருந்தும் உழைக்க வந்தோரும் அவர்களுள் அடங்குவர். பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிரசாவுரிமை தேவையாகவே இருந்தது. உள்ளூராட்சிக்கு வதிவே போதுமானதாயிற்று.

இலங்கையிலோ இதற்கு நேர்மாறான கொள்கையே நிலவியது. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்த பின்னரும் கிராமச் சங்கத் தேர்தலிலிருந்து தோட்டத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1937இல் அரசாங்க சபையில் இது குறித்து எழுந்த விவாதம் கருதத்தக்கது. ஐரோப்பியரையும் பறங்கியரையும் சேர்த்துக்கொண்டு இந்தியத் தொழிலாளரை மட்டும் ஒதுக்குவது இனப்பாகுபாடு எனக் கண்டிக்கப்பட்டது. அதன் விளைவாக வாசகமே மாறியது. தோட்டங்களில் வதியும் தொழிலாளர் என்ற பொதுப்பெயரில் விலக்கு நிலைபெற்றது. கிராமத்தவர் எண்ணிக்கையில் அமிழ்ந்துவிடுவர் என்ற அச்சம் காரணமாகக் கூறப்பட்டது. ஆயின் விவசாயியும் தொழிலாளியும் ஒரே சபையில் அமர்ந்து பொதுத் தேவைகளைப் பேசும் வாய்ப்பு இதனால் அடைபட்டது என்பதே வர்க்க நோக்கில் முதன்மையானது.

சபரகமுவவில் இவ்விலக்கின் தாக்கம் தனித்தன்மையுடையது. நுவரெலியாவிற் போலத் தோட்டங்கள் இங்கு தொடர்ந்து பரந்திருப்பதில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய இடங்களில் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களுள் ஒன்றேனும் இம்மாகாணத்தில் இல்லை.

1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1977, 1981ஆம் ஆண்டு வன்செயல்கள் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து பலரைப் பெயர்த்தன. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களே நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வளித்தன.

பிரசாவுரிமை மீண்டதும் உள்ளூராட்சியின் பயன் கிட்டிற்றா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி 1991இல் முதற் தேர்தல் நடைபெற்றது. தொழிலாளர் வாக்களித்தனர், உறுப்பினர் சிலரையும் பெற்றனர். எனினும் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்தினுள் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. லயத்துக்குச் செல்லும் பாதை தோட்ட நிருவாகத்தின் உடைமையாகையால், தொழிலாளி தேர்ந்தெடுத்த சபை அதனைச் செப்பனிட இயலாதிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே இத்தடையை நீக்கிற்று.

அதே ஆண்டில் மாறிய தேர்தல் முறையும் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. 2011 வரை சபைப் பரப்பு முழுவதும் ஒரே தொகுதியாகவும், வாக்காளருக்கு விருப்பு வாக்கு உடையதாகவும் இருந்தது. இவ்வகையில் அது ஒல்லாந்து முறையை ஒத்திருந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலிலும் 2025 மேத் தேர்தலிலும் நூற்றுக்கு 60 பங்கினர் வட்டாரத்தினின்றும், 40 பங்கினர் பட்டியலினின்றும் தெரிவாகினர். வட்டாரத்தில் தோற்றோரின் வாக்குகளும் கட்சியின் கணக்கிற் சேரும் என்பது உண்மையே. ஆயின் பட்டியல் ஆசனத்தில் அமர்பவரைத் தெரிவது கட்சிச் செயலாளர். நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா முதலிய புதிய சபைகள் தோன்றியமையால் செறிந்து வாழும் தமிழர் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிய முடிகின்றது. தம் வட்டாரத்திற் பெரும்பான்மையற்ற தெரணியகலைத் தொழிலாளிக்கோ கட்சித் தலைமையின் தயவே வழியாகின்றது.

எனவே வாக்குரிமை மீண்டமையோடு இவ்வரலாறு முற்றுப்பெற்றதாகக் கொள்ள முடியாது. விருப்பு வாக்கு மீட்கப்படுதல் முதற்றேவை. லயத்தின் நிலம் அதில் வதிவோருக்கு உரித்தாதல் அதனினும் அடிப்படையானது. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணில் ஒருவரை வதிவாளராகச் சட்டம் முழுமையாக ஏற்கும்போதே உள்ளூராட்சி என்னும் சொல் அவருக்குப் பொருளுடையதாகும்.