மண்வெட்டியும் நிலவுரிமையும்: இங்கிலாந்தின் வீட்டுத்தோட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தனக்கு வேண்டிய காய்கறியைத் தன் வீட்டு வளவிலேயே விளைவித்துக் கொள்ளல் இன்று ஓய்வுநேர முயற்சியாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின், கைத்தொழிற் புரட்சியின் தாயகமான இங்கிலாந்தின் சமூக வரலாற்றை நோக்குமிடத்து, நிலம் யாருக்குரியது என்னும் வினாவோடு அது பிரிக்கவியலாதவாறு பிணைந்திருந்தமை புலனாகும். முதலாம் சாள்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்ட 1649ஆம் ஆண்டிலேயே, ஏப்பிரல் மாதத்தில், ஜெராட் வின்ஸ்ரான்லியும் தோழர் சிலரும் சரே மாவட்டத்துச் சென் ஜோர்ஜ் குன்றிலிருந்த பொது நிலத்தைக் கொத்திக் கரட்டும் அவரையும் பார்சினிப்புக் கிழங்கும் பயிரிட்டனர். 'தோண்டுவோர்' எனப் பெயர்பெற்ற இவர்கள் சில மாதங்களுள் அயல் நிலவுடைமையாளரின் தாக்குதல்களாலும் வழக்குகளாலும் அங்கிருந்து விரட்டப்பட்டனர்.

அவர்கள் அஞ்சியது அடுத்த நூற்றாண்டிற் சட்டபூர்வமாகவே நிறைவேறியது. 1750க்கும் 1850க்கும் இடையில் பாராளுமன்றம் இயற்றிய ஏறத்தாழ 4,000 வேலியடைப்புச் சட்டங்கள், ஏழைக் குடியானவன் மாடு மேய்த்த தரையையும் விறகு பொறுக்கிய காட்டையும் தனியாருடைமையாக்கின. நிலமிழந்தவனின் வறுமை நிவாரணச் செலவாக நிலவுடைமையாளரின் தலையிலேயே விழுந்தபோதுதான், 'அலொட்மென்ற்' எனப்பட்ட சிறு பங்குத் துண்டுகளைக் குத்தகைக்கு வழங்கும் எண்ணம் அவர்களிடையே பரவிற்று. வழங்கியவர்கள் நிபந்தனைகளையும் மறந்தாரல்லர். ஞாயிறன்று மண்வெட்டியைத் தொடலாகாது, தேவாலயத்திற்குத் தவறாது செல்லவேண்டும் என்றெல்லாம் சில இடங்களில் விதிக்கப்பட்டது. கூலியாள் தன் துண்டில் வலுவைச் செலவிட்டுவிட்டுப் பண்ணைக்குக் களைத்து வருவான் என்ற கவலையும் பண்ணையாரிடம் இருந்தது! வாக்குரிமை விரிவடைந்த பின்னரே, 1887, 1908ஆம் ஆண்டுச் சட்டங்கள் வாயிலாக, நிலம் கேட்போருக்கு அதனை வழங்கும் கடமை உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்தது. பத்து 'றொட்', அதாவது ஏறக்குறைய 250 சதுர மீற்றர், ஒரு துண்டின் வழமையான அளவாயிற்று.

முதலாம் உலக யுத்தத்தின் பின் நகர்ப்புறங்கள் விரிந்தன. ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேற்படலாகாது என 1918இல் வெளிவந்த ரியூடர் வோல்ற்றர்ஸ் அறிக்கை விதந்துரைத்தது. 1939 வரையான இருபதாண்டுகளில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு கொல்லையும் இருந்தது. புல்வெளியும் ரோசாவுமே அங்கு வளர்ந்தன.

இந்நிலையை யுத்தம் மாற்றியது. 1939இல் பிரித்தானியா தன் உணவின் பெரும்பகுதியைக் கடல்வழியே பெற்றுவந்தது. யேர்மானிய நீர்மூழ்கிகள் அவ்வழியை அச்சுறுத்தவே, அவ்வாண்டு ஒக்ரோபரில் விவசாய அமைச்சர் றெஜினோல்ட் டோர்மன் சிமித் வானொலி வாயிலாக மக்களைத் தோட்டஞ்செய்ய அழைத்தார். 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்பது இயக்கத்தின் முழக்கமாயிற்று. பூங்காக்களும் விளையாட்டிடல்களும் உழப்பட்டன. இலண்டன் கோபுரத்தின் அகழியிற்கூடக் காய்கறி விளைந்தது. குண்டுவீச்சிலிருந்து காக்கும் அன்டர்சன் பதுங்கிடங்களின் கூரைமண்ணிற் கொடிகள் படர்ந்தன. 1940இல் பிரித்தனியும் கால்வாய்த் தீவுகளும் யேர்மானியர் வசமானதும் வெங்காயம் அரும்பொருளாகி, அதிட்டச் சீட்டிழுப்பிற் பரிசாக வைக்கப்படும் நிலையை எய்திற்று. வாரந்தோறும் வானொலியிற் பேசிய மிடில்ரன் என்ற தோட்டக்காரரின் குரலை அறியாத வீடு அரிதாயிற்று. 1939இல் எட்டு இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த பங்குத் துண்டுகள் 1943 அளவில் ஏறத்தாழ பதினான்கு இலட்சமாகின.

மண்வளத்தைக் குன்றவிடாது பயிர்செய்தல் எங்ஙனம் என்ற வினாவும் இக்காலத்தில் எழுந்தது. பயிர்களை ஆண்டுதோறும் இடம்மாற்றி நடவும், சமையற் கழிவையும் சருகையும் கூட்டெருவாக்கவும் அரசின் துண்டுப்பிரசுரங்கள் கற்பித்தன. கூட்டெருவின் பெருமையை ஆங்கிலேயருக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் அல்பேட் ஹவாட். இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆய்வு நடத்திய அவர், இந்திய உழவரைத் தம் ஆசிரியராகக் கொண்டவர். கற்பிக்கச் சென்றவர் கற்றுத் திரும்பிய அரிய சந்தர்ப்பங்களுள் இதுவுமொன்று.

எனினும் இவ்வியக்கத்தை மிகைப்படுத்தல் பொருந்தாது. யுத்தகால பிரித்தானியாவின் பசியைத் தணித்தவை பாணும் உருளைக்கிழங்குமே. பாண் யுத்தம் முடியும்வரை பங்கீட்டுக்கு உட்படவில்லை. மேய்ச்சல் நிலங்களைப் பெருமளவில் உழுதமையும் அத்திலாந்திக் கடல்வழி காக்கப்பட்டமையுமே அதனைச் சாத்தியமாக்கின. கொல்லைகள் தந்தது கோவாவும் கரட்டும் லீக்சும். உயிர்ச்சத்துக் குறைவை அவை தடுத்தன. ஆட்சியுரிமை இருந்தவிடத்துத் திட்டமும் இருந்தது என்பதே இங்கு கருதற்பாலது. அதே டோர்மன் சிமித் 1941இற் பர்மாவின் ஆள்பதியானார். மறு ஆண்டு பர்மா யப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்த அரிசியை நம்பியிருந்த இலங்கை பங்கீட்டுக்கு உட்பட்டது; வங்காளத்தில் 1943இல் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மடிந்தனர்.

யுத்தத்தின்போது எடுக்கப்பட்ட பூங்காக்களும் வெற்று மனைகளும் தற்காலிகமாகவே வழங்கப்பட்டிருந்தன. சமாதானம் வந்ததும் அவை மீளப் பெறப்பட்டன. பல துண்டுகளில் வீடுகள் எழுந்தன. உணவுப் பங்கீடு 1954 யூலையில் முற்றாக நீங்கவே, மண்வெட்டிக்கு முன்னிருந்த மதிப்பும் குன்றிற்று. 1960களின் இறுதியிற் பங்குத் துண்டுகள் ஏறக்குறைய ஐந்து இலட்சமாகச் சுருங்கின. 1969இல் வெளிவந்த தோப் அறிக்கை அவற்றை 'ஓய்வுநேரத் தோட்டங்கள்' என அழைக்கப் பரிந்துரைத்தது. வறியவனின் உரிமையாகப் பிறந்த ஒன்றிற்கு இப்பெயர் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியதே. பிற்காலத்தில் மீண்டும் ஆர்வம் பெருகியபோது, பல நகரங்களில் ஒரு துண்டுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவேண்டியதாயிற்று. வின்ஸ்ரான்லியும் தோழரும் கரட் விதைத்த சென் ஜோர்ஜ் குன்றோ இன்று வாயிற்காவலோடு கூடிய செல்வந்தர் குடியிருப்பு. அதனுள்ளே ஒரு கோல்ஃப் மைதானமும் உண்டு.