சுத்துதுன்னு யார் பார்த்தாங்க?

இன்னிக்கு ஒரு மோட்டாரோட கதை. அகலம் வெறும் 10 நானோமீட்டர். உங்க தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறத்தாழ 8,000-ல் ஒரு பங்கு. பேரு ஏடிபி சிந்தேஸ். நம்ம செல்களுக்கு ஏடிபிங்கிற மூலக்கூறுதான் பேட்டரி. சார்ஜ் தீர்ந்ததைத் திரும்ப ஏத்துற வேலையைச் செய்றது இந்த மோட்டார். ஒரு நாளில் சுமாரா நம்ம உடல் எடை அளவுக்கு ஏடிபி இப்படி மறுபடி மறுபடி உருவாகுது. அந்த வேலை நடக்கும்போது இந்தப் புரதத்தோட நடுத்தண்டு சுழலுது.

சுழலுதுன்னு சாதாரணமா சொல்லிட்டேன். அதை யார் பார்த்தாங்க?

முதல் படம் 1960-களில் வந்தது. வெனிசுவேலாவைச் சேர்ந்த ஹும்பர்ட்டோ ஃபெர்னாண்டஸ் மொரான், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்தார். உள்சவ்வு முழுக்கக் குச்சி மிட்டாய் நட்டு வச்ச மாதிரி குட்டிக் குட்டிக் குமிழ்கள். அந்தத் தலைப்பகுதிக்கு எஃப்1 என்று பேர். ஆனா எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வெற்றிடம். அப்போ மாதிரியைக் காயவைத்துத்தான் உள்ளே அனுப்பினாங்க. காய்ந்துபோன மோட்டார் எங்கே ஓடும்?

அடுத்து வர்றவர் கலிஃபோர்னியாவின் பால் போயர். அவர் கையில் படமே கிடையாது. ஆக்சிஜன் ஐசோடோப்புகளை வைத்து, எந்த அணு எங்கிருந்து எங்கே போகுதுன்னு வருஷக்கணக்கில் கணக்குப் பார்த்தவர். எஃப்1-ல் மூணு இடங்கள் இருக்கு, மூணும் ஒரே வேலையை முறைவைத்து மாறி மாறிச் செய்யுது, அப்படி மாறணும்னா நடுவில் ஏதோ ஒண்ணு சுத்தியே ஆகணும் என்றார். 1980 வாக்கில் சொன்னது இது. பலர் நம்பவில்லை. அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு புரதத்துக்குள் அச்சும் தண்டும் வச்ச இயந்திரம் இருக்குன்னா, கேட்கிறவங்க ஆதாரம் கேட்கத்தானே செய்வாங்க.

1994-ல் கேம்பிரிட்ஜில் ஜான் வாக்கர் குழு மாட்டு இதயத்திலிருந்து எடுத்த எஃப்1-ஐப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதன் வடிவத்தை 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி ஆறு துண்டுகள் வட்டமா உட்கார்ந்திருக்கு. நடுவில் ஒரு கோணல் தண்டு. வேலை செய்யும் மூணு சுளைகளும் மூணு விதமா இருந்தன. ஒன்றில் உடையாத போலி ஏடிபி, இன்னொன்றில் ஏடிபி உடைந்து மிஞ்சும் குறைச் சார்ஜ் மூலக்கூறு, மூணாவது காலி.

போயர் சொன்னதுக்கு அச்சு அசலாப் பொருந்துது. ஆனாலும் அது ஸ்டில் ஃபோட்டோ. படிகத்துக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே போஸில் உறைஞ்சு நிற்கும். நின்னுகிட்டிருக்கிற ராட்டினத்தோட ஃபோட்டோவைக் காட்டி, இது சுத்தும்னு சத்தியமா சொல்ல முடியுமா?

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். ஜப்பானில் ஹிரோயுகி நோஜி என்ற இளம் ஆய்வாளர், மசாசுகே யோஷிடா, கசுஹிகோ கினோசிடா, அவங்க கூட்டாளிகள். இவங்க எடுத்தது சாதாரண ஒளி நுண்ணோக்கி வகை. அதில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் பிரிஞ்சு தெரியாது. 10 நானோமீட்டர் மோட்டார் எப்படித் தெரியும்? தெரியாது. அதனால மோட்டாரைப் பார்க்கும் ஆசையையே விட்டுட்டாங்க. எஃப்1-ஐத் தலைகீழாக் கண்ணாடியில் ஒட்டினாங்க. மேலே நீட்டிக்கிட்டிருக்கும் தண்டின் நுனியில், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆக்டின் இழை ஒன்றை மாட்டினாங்க. அதன் நீளம் மோட்டாரைப் போல 100 மடங்குக்கும் மேல். இருட்டில் ஒருத்தர் சுத்துறது தெரியலைன்னா, அவர் கையில் சீரியல் பல்பு கட்டின நீளக் கழியைக் கொடுக்கிற மாதிரி.

ஏடிபி கரைசலை ஊத்தினாங்க. பெரும்பாலான இழைகள் அசையவே இல்லை. ஆனா சில இழைகள் சுத்த ஆரம்பிச்சது! சிலது 100 சுற்றுக்கு மேல். மேலிருந்து பார்த்தா எப்பவும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். இந்த ‘எப்பவும்’தான் முக்கியம். தண்ணீர் மூலக்கூறுகள் முட்டித் தள்ளுவதால் வரும் ஆட்டம்னா, இழை ரெண்டு பக்கமும் போயிருக்கும்.

அந்தக் கட்டுரை 1997 மார்ச்சில் வந்தது. அக்டோபரில் போயருக்கும் வாக்கருக்கும் வேதியியல் நோபல். பரிசின் மறுபாதி வேறொரு கண்டுபிடிப்புக்காக யென்ஸ் ஸ்கூவுக்கு. போயருக்கு அப்போ வயசு 79. மூணு பேருக்கு மேல் தரக்கூடாதுன்னு விதி இருக்கு, தெரியும். இருந்தாலும் ஜப்பான்காரங்க பேர் அதில் இல்லாதது எனக்கு உறுத்தத்தான் செய்யுது.

அடுத்த வருஷம் அதே குழு ஏடிபியைக் குறைச்சுப் பார்த்தது. இழை 120 டிகிரி போய் நிற்குது, மறுபடி 120, மறுபடி 120. மூணு சுளை, மூணு நிறுத்தம்.

ஒரு பாக்கி இருந்தது. இவங்க பார்த்தது ஏடிபியை உடைச்சுச் சுத்துற மோட்டாரை. நம்ம உடம்பில் நடப்பதோ தலைகீழ்: தண்டு சுத்தி ஏடிபி உருவாகணும். 2004-ல் கினோசிடா குழு தண்டில் குட்டிக் காந்த மணியை மாட்டி, வெளியே இருந்து காந்தத்தால் அதைக் கடிகாரத் திசையில் வலுக்கட்டாயமாத் திருப்பியது. ஏடிபி உருவாச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கரைசலில் மின்மினிப்பூச்சியின் நொதியைக் கலந்து வச்சிருந்தாங்க. ஏடிபி கிடைச்சா அது ஒளிரும். காந்தம் திரும்பத் திரும்ப, வெளிச்சம் கூடிக்கிட்டே போச்சு.