சராசரியில் தெரியாத விசை

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டு இடங்களில் கூட்டம் இறுகும். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை. ஓயாமல் வலம் வருபவர் சுற்றுக்கு எட்டு முறை தடைபடுவார். நீராவி டர்பைனின் சுழலும் பிளேடுக்கும் இதே கதிதான்.

முன்வரிசையில் அசையாமல் நிற்கும் ஒவ்வொரு பிளேடுக்குப் பின்னாலும் உராய்வால் வேகம் குன்றிய நீராவிப் பட்டை ஒன்று நீளும். சுழலும் பிளேடு அவற்றை வெட்டிக்கொண்டே போகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று, முன்னால் 60 நிலைப் பிளேடுகள் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 3000 தட்டல். ஒரு மணி நேரத்தில் ஒரு கோடியே எட்டு லட்சம். நம் பாடநூல்கள் திசைவேக முக்கோணம் வரைந்து, சராசரி விசையைக் கணக்கிட்டு நிறுத்திக்கொள்கின்றன. மின்சாரம் தருவது அந்தச் சராசரிதான், மறுக்கவில்லை. ஆனால் பிளேடை முறிப்பது ஏற்ற இறக்கம்.

இந்த ஏற்ற இறக்கத்தின் கணக்கு விமான இறக்கைக் கோட்பாட்டிலிருந்து வந்தது. 1938இல் ஆய்வாளர்கள் கார்மானும் சியர்ஸும் சீரற்ற ஓட்டத்தில் இறக்கையின் தூக்குவிசையை ஆராய்ந்தார்கள். 1953இலும் 1955இலும் கெம்பும் சியர்ஸும் அதைப் பிளேடு வரிசைகளுக்குக் கொண்டுவந்தார்கள். தூக்குவிசை மாறும்போதெல்லாம் பிளேடின் பின்விளிம்பிலிருந்து எதிர்த்திசைச் சுழிப்பு ஒன்று உதிர்கிறது. உதிர்ந்தது சும்மா போவதில்லை. பிளேடைத் திரும்பப் பாதிக்கிறது. ஆகவே வேகமான தட்டலில் விசையின் ஏற்ற இறக்கம், நிலையான ஓட்டத்தின் கணக்கு சொல்வதைவிடக் குறைவு.

குறைவுதானே என்று அலட்சியப்படுத்த முடியாது. தட்டலின் வேகம் பிளேடின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தினால் சிறு விசையும் பெரும் ஆட்டமாகும். அந்த வேகங்களை முன்கூட்டியே காட்டும் வரைபடத்தை 1924இல் பொறியாளர் கேம்பல் தந்தார். இன்றும் வடிவமைப்பாளர்கள் அதைத்தான் விரிக்கிறார்கள். நிலைப் பிளேடுகளைச் சமமற்ற இடைவெளியில் நிறுத்தித் தட்டலைப் பல அதிர்வெண்களுக்குப் பிரித்துவிடுவதும் உண்டு. பிளேடு தன் ஆட்டத்தாலேயே விசையை வளர்த்துக்கொள்ளும் படபடப்பு வேறு வகை. அது இந்த வரைபடத்தில் சிக்காது.

பிளேடு முறிந்தால் என்ன ஆகும்? 1993 மார்ச் 31 அதிகாலை, கல்பாக்கம் உலைகளின் வகையைச் சேர்ந்த உத்தரப் பிரதேச நரோரா அணுமின் நிலையத்தில், தாழ் அழுத்த டர்பைனின் கடைசி வரிசைப் பிளேடுகள் இரண்டு உலோக அயர்ச்சியால் முறிந்தன. சமநிலை குலைந்த சுழலி அதிர, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. கேபிள்கள் எரிந்து நிலையம் சுமார் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. ஊழியர்கள் கைவிளக்கோடு உலைக் கட்டடத்தின் மேலேறி, அணுப்பிளவை அடக்கும் போரான் கரைசலை உலைக்குள் திறந்துவிட்டார்கள். பிறகு அந்தப் பிளேடுகளின் வடிவமே மாற்றப்பட்டது.